நொதிக்குமுன் தெளிதல்

நோவா நட்ட தோட்டம் முதல் ஆண்டவரின் இறுதி இராவுணவு வரை, திருவிவிலியம் முழுவதிலும் திராட்சைக் கொடி படர்ந்து செல்கிறது. கொடியைப் பற்றியும் கனியைப் பற்றியும் கிண்ணத்தைப் பற்றியும் நாம் எத்தனையோ மறையுரைகளைக் கேட்டிருக்கிறோம். ஆனால் கனி பிழியப்பட்ட பின்னும் கிண்ணம் நிறைவதற்கு முன்னும் நடைபெறும் ஒரு சிறு செயலை நாம் அதிகம் எண்ணிப் பார்த்ததில்லை. தெளியவைத்தல் என்பதே அச்செயல். இறைவாக்கினர்கள் அதை நன்கு அறிந்திருந்தார்கள். எல்லா மக்களினங்களுக்கும் ஆண்டவர் மலைமேல் அளிக்கும் விருந்தைப் பற்றிப் பேசும் எசாயா, அங்கே பரிமாறப்படுவது மண்டி நீங்க வடிக்கப்பட்ட இரசம் என்று குறிப்பிட மறக்கவில்லை (25:6). எரேமியாவோ, கலத்திலிருந்து கலத்திற்கு மாற்றப்படாமல் தன் மண்டியின்மீதே அமர்ந்துவிட்ட இரசத்திற்கு மோவாபு நாட்டை ஒப்பிடுகிறார் (48:11). தெளிவு ஒருபுறம் விருந்தின் அடையாளம். தெளியாமை மறுபுறம் தேங்கிய வாழ்வின் அடையாளம்.

இத்தெளிவுக்காக ஒரு நிலப்பகுதியின் மக்கள் நானூறு ஆண்டுகள் பாடுபட்ட வரலாறு ஒன்று உண்டு. வட இத்தாலியில் பியெமோந்தே மாநிலத்தில், அஸ்தி நகரைச் சூழ்ந்த குன்றுகளின் வரலாறு அது. அங்கே விளையும் மணம் மிக்க திராட்சையிலிருந்து நுரைத்தெழும் இனிய இரசம் செய்யப்படுகிறது. அந்த இரசத்தின் வரலாறு உண்மையில் சாற்றைத் தெளியவைத்ததன் வரலாறே ஆகும். நம் வழக்கில் திராட்சை இரசம் என்னும் சொல் நொதிக்காத சாற்றையும் குறிக்கும், நொதித்த பானத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் குழப்பம் நேராதிருக்க, பிழிந்தெடுத்ததைச் சாறு என்றும், நொதித்ததை இரசம் என்றும் வழங்குவோம்.

மணமே இடையூறாக

அக்குன்றுகளில் விளையும் திராட்சையின் பெயர் வெள்ளை மொஸ்காத்தோ. பெரும்பாலான திராட்சை வகைகளைத் தின்றால் இனிப்பும் புளிப்பும் மட்டுமே நாவில் தங்கும். அவற்றின் மணம் நொதித்தலின்போதும் அதன் பின்னருமே பிறக்கிறது. மொஸ்காத்தோ அப்படியன்று. கொடியிலிருந்து பறித்த கனியிலேயே அதன் மணம் நிறைந்திருக்கிறது. ரோசா மலரில் உள்ள ஜெரானியோல், கொத்தமல்லி விதையில் உள்ள லினலூல் என்னும் நறுமணப் பொருள்கள் இக்கனியின் தோலிலும் சதையிலும் இயல்பாகவே அமைந்துள்ளன. இந்த மணத்தை மனிதர் உண்டாக்குவதில்லை. மழையும் மண்ணும் வெயிலும் கொடியும் சேர்ந்து அளிக்கும் கொடை அது. மனிதர் செய்யக்கூடியது அதைக் காப்பது மட்டுமே.

ஆனால் காப்பது எளிதன்று. சாற்றை அதன் போக்கில் விட்டால் அதிலுள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு அதை ஆல்கஹாலாகவும் கரிவளியாகவும் மாற்றிவிடும். சர்க்கரை முழுவதும் தீரும்வரை அவை ஓய்வதில்லை. மற்றத் திராட்சைகளுக்கு அது நன்மையே. மொஸ்காத்தோவுக்கோ அது பெருங்கேடு. இனிப்பு தீர்ந்ததும் மணம் மங்கி, கசப்பு மேலெழுந்துவிடும். எனவே நொதித்தல் தொடங்கவும் வேண்டும். பாதியில் நிற்கவும் வேண்டும். நின்றபின் மீண்டும் தொடங்கவும் கூடாது. தொடங்கினால் மூடிய புட்டிக்குள் கரிவளி பெருகிப் புட்டியே வெடித்துச் சிதறும்.

குளிர்பதனக் கருவிகளும் நுண்வடிகட்டிகளும் இல்லாத காலத்தில் இதை எவ்வாறு செய்தார்கள்? நொதித்தலை நடத்துவது ஓர் உயிர் என்பதையே எவரும் அறிந்திராத காலம் அது. லூயி பாஸ்டர் நொதித்தல் பற்றிய தம் முதல் ஆய்வுகளை வெளியிட்டது 1857-ஆம் ஆண்டில்தான். இரசத்தைப் பற்றிய அவரது ஆய்வு நூல் 1866-இல் வெளிவந்தது. அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, 1606-இல், தூரின் நகரில் ஒரு நூல் அச்சேறியது. சவாய் கோமகன் முதலாம் கார்லோ எமனுவேலேயின் பொற்கொல்லராக இருந்த ஜொவான் பத்திஸ்தா குரோச்சே என்பவர், தூரின் மலைப்பகுதியில் செய்யப்படும் இரசங்களின் சிறப்பையும் செய்முறையையும் அந்நூலில் எழுதி வைத்தார். இனிப்பும் மணமும் மிகுந்து, ஆல்கஹால் குறைந்த இரசங்களைச் செய்யும் வழியை ஒழுங்குபடுத்தியவர் என அப்பகுதியினர் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர். பொன்னை உருக்கி மாசகற்றும் தொழிலில் இருந்தவர் சாற்றின் மாசகற்றுவதிலும் கருத்தூன்றியது பொருத்தமாகவே தோன்றுகிறது.

துணிப்பைகளின் வரிசை

பிழிந்தவுடன் வரும் சாறு கலங்கலானது. தோலின் துணுக்குகள், சதையின் நார், காம்பின் பொடி, மண்ணின் துகள், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் ஆகிய அனைத்தும் அதில் மிதக்கும். இத்துணுக்குகளோடு நொதிக்கவிட்டால் பச்சிலை வாடை இரசத்தில் ஏறும். காற்றுப் பட்டதும் சாற்றைப் பழுப்பாக்கும் நொதிப்பொருள்களும் பெரும்பாலும் அத்துகள்களோடு ஒட்டியே இருக்கின்றன. மென்மையான மணத்தை நம்பி நிற்கும் மொஸ்காத்தோவுக்கு இவை பகையாகும்.

பியெமோந்தே மக்கள் கையாண்ட பழைய முறை இது. சாற்றைத் தொட்டியில் அசைக்காமல் விட்டு வைப்பார்கள். கனமானவை அடியில் படியும். நொதித்தல் அரும்பத் தொடங்கியதும் எழும் வளிக்குமிழ்கள் இலேசான துணுக்குகளை மேலே தூக்கிச் சென்று, தடித்த நுரைப்படலமாகக் குவிக்கும். அதைத் தொப்பி என்று அழைத்தார்கள். மேலே தொப்பியும் கீழே மண்டியும் ஒதுங்கிய அந்த வேளையைத் தவறவிடாமல், நடுவில் நிற்கும் தெளிந்த சாற்றை மட்டும் இறக்கிக்கொள்ள வேண்டும். சற்றுத் தாமதித்தால் நொதித்தல் வேகங்கொண்டு எல்லாவற்றையும் மீண்டும் கலக்கிவிடும்.

இறக்கிய சாற்றில் ஜெலட்டினையும் டானின் என்னும் துவர்ப்பொருளையும் சிறிதளவு சேர்ப்பார்கள். இரண்டும் ஒன்றையொன்று பற்றித் திரளாகி, மிதக்கும் துகள்களையும் அணைத்துக்கொண்டு அடியில் இறங்கும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கிய நீரைத் தெளிய வைத்தவர்கள் நம் முன்னோர். கலித்தொகையிலும் அவ்வழக்கம் உவமையாக வருகிறது. ஆதலால் இம்முறை நமக்குப் புதிதாகத் தோன்றாது.

அதன் பின்னரே பைகளின் பணி தொடங்கும். ஒலாந்துப் பைகள் என்று பெயர் பெற்ற நீண்ட கெட்டித் துணிப்பைகளை மரச்சட்டங்களில் வரிசையாகத் தொங்கவிட்டு, அவற்றில் சாற்றை ஊற்றுவார்கள். சொட்டுச் சொட்டாக அது கீழுள்ள தொட்டியில் வடியும். முதலில் வடிவது கலங்கலாகவே இருக்கும். துணியின் உட்புறத்தில் மண்டி மெல்லப் படர்ந்த பின்னரே தெளிந்து வரும். தடுக்கப்பட்ட மண்டியே அடுத்து வருவதற்கு வடிகட்டியாக அமைவது இதில் உள்ள விந்தை.

ஒருமுறை வடித்ததோடு பணி முடிந்துவிடாது. சில நாள்களில் சாறு மீண்டும் முணுமுணுக்கத் தொடங்கும். மீண்டும் வடிப்பார்கள். மறுபடியும் எழும், மறுபடியும் வடிப்பார்கள். குளிர்காலம் முழுவதும் இது நீடிக்கும். ஒவ்வொரு முறையும் அந்தக் கொதிப்பு முன்னைவிடத் தளர்ந்து எழுவதை அவர்கள் கண்டார்கள். இறுதியில் ஒருநாள், இனிப்பு நிறைந்திருந்தும் இரசம் அமைதி கொள்ளும்.

ஏன் அமைதி கொண்டது என்பதற்கான விடையைப் பின்வந்த அறிவியலே தந்தது. ஈஸ்ட் பெருகுவதற்குச் சர்க்கரை மட்டும் போதாது. நைட்ரஜன் சத்தும் வேண்டும். பெருகும் ஒவ்வொரு தலைமுறை ஈஸ்ட்டும் சாற்றிலுள்ள நைட்ரஜனைத் தன் உடலுக்குள் எடுத்துக்கொள்கிறது. அந்த ஈஸ்ட்டை வடித்து எடுக்கும்போது நைட்ரஜனும் அதனோடு வெளியேறிவிடுகிறது. இவ்வாறு பலமுறை நிகழ்ந்தபின், சர்க்கரை இருந்தும் அதை உண்பதற்கு வேண்டிய வலிமை எஞ்சிய ஈஸ்ட்டுக்கு இல்லாமற்போகிறது. இனிமையை ஒன்றும் குறைக்காமல், இனிமையைத் தின்னும் கொதிப்பின் ஊட்டத்தை மட்டும் அம்மக்கள் அகற்றினார்கள். காரணம் அறியாமலே, கையின் அனுபவத்தாலும் கண்ணின் கவனத்தாலும் இதைக் கண்டுகொண்ட அந்தத் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த நூலிலும் இல்லை.

இருவேறு வழிகள்

பிரான்சு நாட்டின் சாம்பேன் பகுதியோ வேறு வழியில் சென்றது. அங்கே ஒவில்லேர் துறவு மடத்தில் 1668 முதல் 1715 வரை பண்டகப் பொறுப்பாளராக இருந்த தொம் பெரிஞோன் என்னும் பெனடிக்ட் சபைத் துறவி நுரை இரசத்தைக் கண்டுபிடித்தார் என்று மக்கள் சொல்வதுண்டு. உண்மையில் அவர் நுரை எழாமல் தடுக்கவே முயன்றார் என்பதை வரலாற்றாசிரியர்கள் காட்டியுள்ளனர். பிற்காலத்தில் சாம்பேனில் நிலைபெற்ற முறைப்படி, ஒருமுறை நொதித்து முடிந்த இரசத்தைச் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்துப் புட்டியில் அடைத்து, அதற்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க விடுவார்கள். அதனால் புட்டியில் மண்டி சேரும். 1805-இல் கணவரை இழந்து தொழிலை ஏற்று நடத்திய கிளிக்கோ அம்மையாரின் நிறுவனத்தில், புட்டிகளைத் துளையிட்ட மேசையில் தலைகீழாகச் செருகி, நாள்தோறும் சிறிது சிறிதாகத் திருப்பி, மண்டியைக் கழுத்துப் பகுதிக்குக் கொணர்ந்து வெளியேற்றும் முறை 1816-ஐ ஒட்டி உருவானது. அது பின்தெளிவு. நொதித்தல் தன் போக்கில் முடிந்தபின், அது விட்டுச்சென்ற கசட்டை அகற்றும் வழி.

பியெமோந்தேயைச் சேர்ந்த கார்லோ கான்ச்சா என்பவர் இளமையில் சாம்பேன் பகுதியின் ரான்ஸ் நகருக்குச் சென்று அம்முறையைப் பயின்றார். 1850-இல் தம் உடன்பிறந்தாருடன் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அஸ்திக்கு அருகேயுள்ள கனெல்லியில் நிலைகொண்டு, 1865-இல் மொஸ்காத்தோவிலிருந்து புட்டியில் நொதிக்கும் நுரை இரசத்தைச் செய்தார். ஆனால் இந்தத் திராட்சையின் இயல்பு வேறு. இனிப்பைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டே புட்டிக்குள் நுழைவதால், நொதித்தல் எங்கே நிற்கும் என்பது எவர் கையிலும் இல்லை. புட்டிகள் வெடித்தன. முன்னரே நன்கு தெளியவைத்து, ஈஸ்ட்டின் ஊட்டத்தைக் குறைத்தாலன்றி இந்த இரசம் அடங்காது. பிரான்சில் கற்ற கல்வி, உள்ளூர்ப் பைகளின் பழைய அறிவோடு இணைய வேண்டியிருந்தது.

1872-இல் அஸ்தியில் அரசின் இரசவியல் ஆய்வு நிலையம் ஒன்று நிறுவப்பட்டது. அதன் இயக்குநராக இருந்த ஃபெதெரிக்கோ மார்த்தினோத்தி 1895-இல் புதிய வழி ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு புட்டியிலும் தனித்தனியே நொதிக்க விடாமல், அழுத்தத்தைத் தாங்கும் பெரிய கலத்தில் ஒருசேர நொதிக்கவிட்டு, வடிகட்டி, அழுத்தம் குறையாமல் புட்டியில் அடைப்பது அவரது முறை. 1907-இல் பிரெஞ்சு நாட்டவரான யூஜீன் ஷார்மா அதனைத் தொழிற்சாலைக்கு ஏற்றவாறு செம்மைப்படுத்தி உரிமம் பெற்றார். உலகம் அவர் பெயரையே பெரிதும் அறியும். இத்தாலியரோ இருவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றனர்.

இன்று துணிப்பைகள் அருங்காட்சியகப் பொருள்களாகிவிட்டன. செப்டம்பரில் பறிக்கப்படும் கனி மென்மையாகப் பிழியப்படுகிறது. சாற்றில் துகள்களைத் தாங்கி நிற்பது பெக்டின் என்னும் பசைப்பொருள். அதைக் கரைக்கும் நொதிப்பொருளைச் சேர்த்ததும் துகள்கள் பிடியிழக்கின்றன. பின்னர் சாற்றுக்குள் நைட்ரஜன் வளியை நுண்குமிழ்களாகச் செலுத்தி, அவற்றை மேலே மிதக்கச் செய்து வழித்தெடுக்கிறார்கள். அல்லது சுழற்சி விசையால் பிரிக்கிறார்கள். பழைய தொப்பியே புதிய பொறியில் மீண்டும் தோன்றுகிறது! தெளிந்த சாற்றை உறைநிலையை ஒட்டிய குளிரில் வைத்துக் காப்பார்கள். அது ஆண்டு முழுவதும் நொதிக்காமல் காத்திருக்கும். தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் கலத்திற்கு மாற்றப்பட்டு நொதிக்கும். வேண்டிய அளவை எட்டியதும் கடுங்குளிரால் நிறுத்தி, ஈஸ்ட் ஒன்றும் எஞ்சாதவாறு வடிகட்டுவார்கள். இவ்வாறு கிடைக்கும் மொஸ்காத்தோ தி அஸ்தி என்னும் மென்னுரை இரசத்தில் ஆல்கஹால் 4.5 முதல் 6.5 விழுக்காடு வரையே இருக்கும். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களின் விளைச்சலாகிய இதற்கு, 1993-இல் இத்தாலியின் உயரிய தோற்ற உறுதிச் சான்று வழங்கப்பட்டது. கனெல்லியில் குன்றைக் குடைந்து அமைத்த நிலவறைகள் நிலத்தடிப் பேராலயங்கள் என்று அழைக்கப்படுகின்றன. அவை உள்ளிட்ட அத்திராட்சை நிலப்பரப்பை யுனெஸ்கோ 2014-இல் உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

தெளிவுக்கும் அளவு உண்டு

தெளிவு நல்லதென்றால் மிகுந்த தெளிவு மிக நல்லது என்று எண்ணத் தோன்றும். இரசம் செய்வோர் அவ்வாறு எண்ணுவதில்லை. சாற்றை அளவுக்கு மீறித் தெளியவைத்தால் ஈஸ்ட்டுக்கு வேண்டிய கொழுப்புச் சத்துகளும் பற்றுகளும் துகள்களோடு போய்விடும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் தடுமாறும். துர்நாற்றமுள்ள பொருள்களை வெளியிடும். சிலவேளை நொதித்தல் தொடங்கவே மறுக்கும். தெளியவைக்கப் பயன்படும் களிமண் வகைகளை மிகுதியாகச் சேர்த்தால் அவை மாசோடு மணத்தையும் இழுத்துச் சென்றுவிடும். எனவே தேர்ந்தவர்கள் கலங்கலின் அளவைக் கருவியால் கணித்து, சிறிதளவு மங்கலை வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். கோதுமையோடு களையையும் அறுவடை வரை வளரவிடச் சொன்ன வீட்டுத் தலைவரின் உவமை நமக்கு நினைவுக்கு வருகிறது. களைவதில் காட்டும் அவசரம் பயிரையும் பிடுங்கிவிடக்கூடும்.

தெளிவு வேறு, தூய்மை வேறு என்பதையும் இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கிறது. 1986-ஆம் ஆண்டு இத்தாலியில் மலிவான இரசத்தின் ஆல்கஹால் அளவை உயர்த்திக் காட்டுவதற்காக மெத்தனால் கலக்கப்பட்டது. அதனைப் பருகியவர்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பலர் பார்வையை இழந்தனர். மெத்தனால் நிறமற்றது, கலங்கல் இல்லாதது. கண்ணுக்கு அந்த இரசம் தெளிவாகவே இருந்திருக்கும். 2024-ஆம் ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்ததை நாம் மறக்க இயலாது. கைம்பெண்களான மனைவியரும், தந்தையை இழந்த பிள்ளைகளும் நம் அண்டை வீட்டார். ஆகவே இக்கட்டுரை குடியின் புகழ்ச்சியன்று என்பதைத் தெளிவாகக் கூற விரும்புகிறோம். பலிபீடத்திற்கு வரும் கனியின் இயல்பைப் பேணிய உழைப்பையே நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

திருச்சபை இவ்விரண்டையும் அறிந்தே நடந்துகொள்கிறது. திருப்பலிக்குரிய இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகக் கிடைத்ததாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டம் (924). அதே வேளையில், மது நோயினாலோ வேறு காரணத்தாலோ சிறிதளவு ஆல்கஹாலையும் ஏற்க இயலாதவர்களை அது கைவிட்டுவிடவில்லை. முஸ்தும் எனப்படும் சாற்றை அவர்களுக்கு ஆயர் அனுமதிக்கலாம் என்று விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 1995-இலும் 2003-இலும் விடுத்த மடல்கள் தெளிவுபடுத்தின. புதிதாகப் பிழிந்த சாறு, அல்லது இயல்பு மாறாமல் நொதித்தல் நிறுத்திவைக்கப்பட்ட சாறு என்று அது விளக்கப்படுகிறது. நொதித்தலை நிறுத்திக் காக்கும் கலை, நலிவுற்ற ஓர் அருள்பணியாளர் பலிபீடத்தில் நிற்பதற்கும் துணையாவதை நாம் இங்கே காண்கிறோம்.

அதே குன்றுகளின் மைந்தர்

முன்தெளிவு, பின்தெளிவு என்னும் இவ்விரு வழிகளை எண்ணும்போது, அதே குன்றுகளில் பிறந்த ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. 1815-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள், கஸ்தெல்நுவோவோ தி அஸ்தி என்னும் ஊரைச் சார்ந்த பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தார் ஜான் போஸ்கோ. அவ்வூர் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அவருக்கு இரண்டு வயது நிரம்பும் முன்னர், 1817-இல், வேலை முடிந்து வியர்வையோடு குளிர்ந்த நிலவறைக்குள் சென்ற தந்தை பிரான்செஸ்கோ, நுரையீரல் அழற்சி கண்டு இறந்தார். தாய் மார்கரித்தா பிள்ளைகளை வறுமையில் வளர்த்தார். 1828-இல் சிறுவன் ஜான் மோல்யா குடும்பத்தாரின் பண்ணையில் கூலி வேலைக்குச் சென்றான். நிலமும் கொடியும் கால்நடையுமே அவனுடைய முதற் பள்ளி.

குருவான பின் தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்ற தொன் போஸ்கோ, அங்கே அடைபட்டிருந்த இளைஞர்களைக் கண்டு கலங்கினார். தண்டனை முடிந்து வெளியேறியவர்கள், கவனிப்பார் இன்றி மீண்டும் அங்கேயே திரும்பி வந்ததுதான் அவரை மிகவும் வருத்தியது. வெளியே ஒரு நண்பர் முன்னரே கிடைத்திருந்தால் இவர்கள் இங்கே வந்திருப்பார்களா என்னும் கேள்வி அவர் உள்ளத்தில் வேரூன்றியது. 1841 டிசம்பர் 8-ஆம் நாள், புனித அசிசி பிரான்சிசு ஆலயத்தின் திருப்பண்ட அறையில் அவர் அன்போடு வரவேற்ற முதல் ஏழை இளைஞன் பர்த்தலோமேயு கரெல்லி. அஸ்தியிலிருந்து பிழைப்புத் தேடி வந்த அனாதைக் கட்டடத் தொழிலாளி. அந்தச் சந்திப்பிலிருந்தே அவரது பணி வளர்ந்தது. 1877-இல் தம் கல்வி முறையைச் சுருக்கமாக எழுதியபோது, அதற்குத் தடுப்பு முறை என்று பெயரிட்டார். தவறு நேர்ந்தபின் தண்டித்துத் திருத்தும் அடக்குமுறைக்கு எதிராக, அறிவு, சமயம், அன்பு என்னும் மூன்றன் துணையால் தவறு நேராமலே காப்பதுதான் அம்முறை.

அவர் இதைத் திராட்சைத் தொட்டியிலிருந்து கற்றார் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இரண்டுக்கும் உள்ள ஒற்றுமை நம் உள்ளத்தைத் தொடுகிறது. இளமை என்பது இயல்பாகவே மணமுள்ள கனி. அந்த மணத்தை ஆசிரியரோ பெற்றோரோ உண்டாக்குவதில்லை. இறைவன் முன்னரே வைத்திருக்கிறார். கொதிப்பும் அதனுள் இருக்கிறது. அது தீயதன்று, அது இல்லையேல் நுரையும் எழுச்சியும் இல்லை. ஆனால் எது அதற்கு ஊட்டமாகிறது என்பதைக் கவனிப்பார் ஒருவர் வேண்டும். எல்லாம் கொதித்து, இனிமையெல்லாம் தின்னப்பட்ட பின்னர், கழுத்தில் சேர்ந்த கசட்டை வெளியேற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் மொஸ்காத்தோவுக்கு அவ்வழி உதவாது. அதற்கு, முதல் நுரை எழும் வேளையில் அருகே நிற்கும் ஒருவர் வேண்டும். தொன் போஸ்கோ தம் உதவியாளர்களிடம் எதிர்பார்த்ததும் இந்த உடனிருப்பையே. மேலே நின்று வேவு பார்ப்பதை அவர் விரும்பவில்லை. பிள்ளைகளின் விளையாட்டிலும் உரையாடலிலும் கூடவே இருக்கச் சொன்னார்.

அந்தத் தந்தையின் பிள்ளைகள் 1906-இல் தஞ்சாவூரில் கால்பதித்தனர். இந்தியாவில் சலேசியர் பணி அங்கேதான் தொடங்கியது. அஸ்தியின் குன்றுகளில் வேர்கொண்ட ஒரு கல்விமுறை காவிரி மண்ணில் நடப்பட்டு, இன்று நம் ஊர்களில் தொழிற்பள்ளிகளாகவும் இல்லங்களாகவும் படர்ந்துள்ளது. அதே அஸ்தி மண் நம் காலத்திற்கும் ஒரு கொடையை அளித்தது. திருத்தந்தை பிரான்சிசின் பாட்டனாரின் ஊர் அங்குள்ள போர்த்தகோமாரோ. 2025-இல் இறைவனடி சேர்ந்த அத்திருத்தந்தை, 2022 நவம்பரில் தம் முன்னோரின் மண்ணுக்குச் சென்று, தொண்ணூறு வயது நிறைந்த உறவினரைக் கண்டு, அஸ்தி பேராலயத்தில் திருப்பலி நிறைவேற்றினார்.

நம் இல்லங்களிலும் பங்குகளிலும் நாம் எவ்வழியைப் பின்பற்றுகிறோம்? பிள்ளை தேர்வில் தோற்றபின், இளைஞன் குடியில் வீழ்ந்தபின், குடும்பம் உடைந்தபின் கூடும் நம் கவலைக் கூட்டங்கள் எத்தனை! அவை வேண்டாம் என்று எவரும் கூறார். ஆனால் பத்து வயதுச் சிறுவனோடு மாலையில் அரைமணி நேரம் பேசுவதற்கும், மறைக்கல்வி வகுப்பில் ஒரு பிள்ளை தொடர்ந்து மூன்று வாரம் வராதபோது அதன் வீட்டுப் படியேறுவதற்கும் நமக்கு நேரம் கிடைக்கிறதா? ஒருமுறை வடித்துவிட்டுத் தெளிந்துவிட்டது என்று போய்விடாமல், மீண்டும் மீண்டும் வடித்த அந்தப் பெயரறியாத் தொழிலாளர்களின் பொறுமை நம்மிடம் இருக்கிறதா? மாசு அகற்றும் ஆர்வத்தில் மணத்தையும் அகற்றிவிடாத அளவறிவு இருக்கிறதா?

கானாவூர் வீட்டில் கற்சாடிகளை விளிம்புவரை நிரப்பியவர்கள் பணியாளர்கள். தண்ணீரை இரசமாக்கியவர் ஆண்டவர். மணம் அவர் தருவது, இனிமை அவர் தருவது. கலங்கலை உரிய வேளையில், உரிய அளவில் அகற்றி, அவருடைய கொடை வீணாகாமல் காக்கும் பணியே நமக்கு விடப்பட்டிருக்கிறது. எசாயா கண்ட அந்த மலைமேல் விருந்தில், மண்டி நீங்கிய அக்கிண்ணத்தை நம் பிள்ளைகளோடு நாமும் ஏந்துவோமாக.